தனித்து வருவோர்க்கு ஓர் ஆசனம்

பத்துப் பேர் அமர்ந்துவிட்டால் பதினோராவது ஆள் வாயிலில் நின்று காத்திருக்க வேண்டும். அத்துணைச் சிறிய ஓர் உணவுச்சாலையை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வார்களாக. இடம், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குப் பகுதியிலுள்ள ஒரு நகரம். காலம், பனிக்காலத்து மாலை. தெருவின் இருமருங்கும் வெண்பனி உறைந்து கிடக்கின்றது. மூலையில் நிற்கும் அந்த உணவுச்சாலை ஏனைய கட்டடங்களைப் போன்றதன்று. தண்டவாளத்தைவிட்டு இறங்கி, வழிதவறி வந்து, நகர நடுவே நின்றுவிட்ட புகையிரதப் பெட்டி ஒன்றைப்போல அது நீண்டு ஒடுங்கியிருக்கின்றது. அதன் வெளிச்சுவர் துருப்பிடியாத உருக்குத் தகட்டினால் ஆயது. கூரையோரத்தில் செந்நிற மின்விளக்கு ஒளிர்கின்றது.

உள்ளே சென்றால், நீளவாட்டில் ஒரு பரிமாறும் மேடை. அதன் முன்னால், தரையிற் பதித்த தூண்களின்மேற் சுழலும் வட்ட ஆசனங்கள் வரிசையாக நிற்கின்றன. மேடைக்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில் அடுப்பு. தோசைக்கல்லைப் பன்மடங்கு பெரிதாக்கி நீட்டியது போன்ற இரும்புத் தகட்டின்மேல் முட்டையும் உருளைக்கிழங்கும் பொரிகின்றன. சமையற்காரருக்கும் உண்பவருக்கும் இடையே சுவரில்லை, கதவில்லை, திரையுமில்லை.

முதியவர் ஒருவர் தனியே உள்ளே வருகின்றார். மேலங்கியிற் படிந்த பனியைத் தட்டிவிட்டுக் கடைசி ஆசனத்தில் அமர்கின்றார். சமையற்காரர் திரும்பிப் பார்த்துத் தலையசைக்கின்றார். பரிமாறும் பெண், அவர் கேளாமலே, தடித்த வெண்ணிறக் கோப்பையிற் கோப்பியை ஊற்றி வைக்கின்றாள். இன்று என்ன வேண்டும் என்று அவள் வினவுவது வெறும் சம்பிரதாயமே. அவர் சொல்லப்போவது யாதென்பது அவளுக்கும் தெரியும், சமையற்காரருக்கும் தெரியும்.

இவ்வகை உணவுச்சாலையை அமெரிக்கர் ‘டைனர்’ என்பர். புகையிரதத்திலே பயணிகள் உணவருந்தும் பெட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரே நாளடைவில் இதற்கும் ஆயிற்று. வானளாவிய மாளிகைகளையும், ஆயிரம்பேர் ஒருங்கே உண்ணக்கூடிய மண்டபங்களையும் கட்டவல்ல ஒரு நாட்டிலே, பத்து ஆசனங்களைக் கொண்ட இந்தச் சிறு பெட்டிக்கு இத்துணை மதிப்பு ஏற்பட்டது எவ்வாறு? பழைய டைனர்கள் மறைந்த இடங்களிற் கூட, அவற்றைப் போலவே தோன்றும்படி புதியனவற்றைக் கட்டுகின்றார்களே, அஃது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காணவேண்டுமாயின், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1872 ஆம் ஆண்டு. றோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த பிறொவிடென்ஸ் என்னும் நகரம். அக்காலத்தில் அந்நகரின் உணவுச்சாலைகள் இரவு எட்டு மணிக்கெல்லாம் கதவடைத்துவிடும். ஆனால் நகரத்தின் வேலை எட்டு மணியோடு ஓய்ந்துவிடவில்லை. பத்திரிகை அச்சிடுவோர் விடியும்வரை உழைத்தனர். ஆலைகளில் இரவு முறைவேலை செய்வோர் இருந்தனர். வண்டிச் சாரதிகளும் காவலாளரும் தெருவிலே திரிந்தனர். இவர்களுக்குச் சூடான உணவு கிடைக்கும் இடம் ஒன்றுமில்லை.

இக்குறையை நன்கு அறிந்திருந்தவர் வோல்ற்றர் ஸ்கொற் என்னும் அச்சகத் தொழிலாளி. புகழ்பெற்ற ஸ்கொத்லாந்து நாவலாசிரியரின் பெயரையே இவரும் தாங்கியிருந்தார். எனினும் இவர் கையாண்டது எழுதுகோலையன்று, கோப்பிப் பாத்திரத்தையே. தொடக்கத்தில் மேல்வரும்படிக்காகக் கூடையொன்றிலே சான்ட்விச்சும் கோப்பியும் சுமந்துசென்று இரவுத் தொழிலாளருக்கு விற்றுவந்தார். 1872 இல் அச்சுத் தொழிலைக் கைவிட்டு, குதிரை பூட்டிய சிறு வண்டியொன்றைப் பத்திரிகை அலுவலகத்தின் முன்னே நிறுத்தி வியாபாரம் தொடங்கினார். வண்டிக்குள்ளே அவர் நிற்பார். வாங்குவோர் தெருவிலே நின்று சாளரத்தின் வழியாகப் பெற்று உண்பர். அவித்த முட்டையும் பாண் துண்டும் ஐந்து சதம். அதற்கு மேற்பட்ட ஆடம்பரம் எதுவும் அங்கு இல்லை.

இங்கே ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். டைனர் என்பது குடும்பத்தோடு விருந்துண்ணச் செல்வோருக்காகப் பிறந்ததன்று. அகாலத்திலே, தனியே, பசியோடு நிற்கும் மனிதனுக்காகப் பிறந்தது அது. வீட்டில் யாவரும் உறங்கும் வேளையில் விழித்திருந்து உழைத்தவனுக்கு, வீட்டடுப்பின் சூட்டிலே ஒரு சிறு பங்கைத் தெருவுக்குக் கொண்டுவந்து கொடுத்த வண்டியே அதன் முதல் வடிவம். பின்னாளில் அது எத்தனை கோலங்கொண்ட போதிலும் இப்பிறவிக் குணத்தை முற்றாக இழந்துவிடவில்லை.

மழையிலும் பனியிலும் தெருவில் நின்று உண்பது எளிதன்று. 1887 ஆம் ஆண்டில், மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரிலே சாமுவேல் ஜோன்ஸ் என்பவர், உண்பவர்களே உள்ளே ஏறி நிற்கக்கூடிய பெரிய வண்டியொன்றைக் கொண்டுவந்தார். நான்கு ஆண்டுகளின் பின்னர், 1891 இல், அதே நகரைச் சேர்ந்த சார்ள்ஸ் பாமர் இத்தகைய வண்டியின் அமைப்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வண்டிகள் பெருகவே, நகரசபையார் அவை தெருவில் நிற்கக்கூடிய நேரத்துக்கு வரம்பு விதிக்கலாயினர். விடிந்த பின்னும் விற்க விரும்பிய வண்டிக்காரர், தெருவோரக் காணித்துண்டுகளை வாடகைக்கு எடுத்து வண்டியை நிலையாக நிறுத்திவிட்டனர். இவ்வாறு சில்லுகளிலே உருண்டு திரிந்த உணவுச்சாலை ஓரிடத்திலே வேரூன்றிற்று.

வேரூன்றிய பின்னும் அது ஒடுங்கிய பெட்டியாகவே இருந்தமைக்குக் காரணம் உண்டு. டைனர்கள் அவ்வவ்விடத்திலே கல்லும் சாந்துங் கொண்டு கட்டப்பட்டவையல்ல. தொழிற்சாலையிலே அடுப்பு, ஆசனம், மேடை யாவற்றையும் பொருத்தி முழுமையாகச் செய்து முடித்து, புகையிரதத்திலோ தெருவழியாகவோ இழுத்துச்சென்று உரிய இடத்தில் இறக்கிவைக்கப்பட்டவை. ஆகவே பாலங்களும் பாதைகளும் இடங்கொடுத்த அகலத்துக்கு மேல் அவை அகலமாதல் இயலாது. வூஸ்ரர் நகரில் 1906 இல் தோன்றிய ஒரு தொழிற்சாலை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலத்தில் அறுநூற்றைம்பது டைனர்கள் வரை செய்து அனுப்பியது. நியூ ஜேர்சி மாநிலமும் இத்தொழிலிற் சிறந்து விளங்கியது. புகையிரதங்களும் ஆகாய விமானங்களும் காற்றைக் கிழித்துச்செல்லும் வளைந்த வடிவம் பெற்ற 1930 களில், டைனர்களும் அவ்வடிவத்தை மேற்கொண்டன. ஓரிடத்தைவிட்டு நகராத கட்டடத்துக்குக் காற்றைக் கிழிக்கும் வடிவம் எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. அது காலத்தின் கோலம்.

வந்துண்போரும் மாறினர். ஆரம்பத்தில் ஆடவர்க்கே உரிய இடமாகக் கருதப்பட்ட டைனர், 1920 களிலே பெண்களையும் வரவேற்கத் தொடங்கிற்று. பெண்களை அழைக்கும் பலகைகள் வாயிலில் தொங்கின. உயர்ந்த ஆசனத்தில் ஏறியமர விரும்பாதோருக்காக மேசைகளும் சாய்விருக்கைகளும் இடம்பெற்றன.

இனி, அங்கே உண்ணப்படுவது யாது என்று பார்ப்போம். முன்னே கண்ட முதியவரின் தட்டிலே இப்பொழுது ‘மீற் லோவ்’ என்னும் பண்டம் வந்திருக்கின்றது. கொத்திய இறைச்சியோடு பாண் தூளும் முட்டையும் வெங்காயமும் பாலும் சேர்த்துப் பிசைந்து, பாண் வடிவாக அச்சிலிட்டு வேகவைத்துத் துண்டுதுண்டாக அறுத்துத் தருவது அது. அதன் அருகே, அவித்து மசித்துப் பாலும் வெண்ணெயும் கலந்த உருளைக்கிழங்கு. நடுவே குழிசெய்து அதில் இறைச்சிச் சாறு வார்க்கப்பட்டிருக்கின்றது. இன்னொருவர் தட்டிலே பாற்கட்டியை உருக்கிக் கலந்த மக்கரோனி. வேறொருவர் பாற்கட்டியை நடுவில் வைத்து வெண்ணெயிலே வாட்டிய பாண் துண்டைத் தக்காளிச் சூப்பில் தோய்த்து உண்கின்றார். கண்ணாடிக் கூண்டுக்குள்ளே அப்பிள் பழத்தை மாவுறைக்குள் வைத்து வேகவைத்த ‘அப்பிள் பை’ காத்திருக்கின்றது. அதில் மணக்கும் கறுவா இலங்கைக் கறுவாவாக இருக்கும் என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. அமெரிக்க அடுக்களைகளிலே அப்பெயரால் வழங்குவது பெரும்பாலும் இந்தோனேசியா, வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து வரும் இன்னோர் இனத்து மரப்பட்டையே.

இவற்றை அமெரிக்கர் ஆறுதல் தரும் உணவு என்று ஒரு தொகுதியாக வழங்குகின்றனர். இவ்வுணவுகளிற் பொதுவாகக் காணப்படும் இயல்புகள் சில உண்டு. இவை மென்மையானவை, பல்லுக்கு வேலை குறைவு. சூடானவை. உறைப்பும் புதுமையும் அற்றவை. பிள்ளைப் பருவத்திலே தாயோ பாட்டியோ பரிமாறிய சுவையை நினைவூட்டுபவை. யாவற்றுக்கும் மேலாக, இவற்றுட் பல வறுமை கற்றுக்கொடுத்த சமையலாகும்.

1929 இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சி அமெரிக்கக் குடும்பங்களை உலுக்கியது. ஓர் இறாத்தல் இறைச்சியை நான்கு பேருக்குப் பங்கிட வேண்டிய தாய், அதனோடு பழம் பாணைச் சேர்த்துப் பிசைந்தாள். இறைச்சி பெருகிற்று, பாணும் வீண்போகவில்லை. 1937 இல் ஒரு கம்பனி உலர்ந்த மக்கரோனியையும் பாற்கட்டித் தூளையும் ஒரு பெட்டியிலிட்டு, நால்வர் உண்ணப் போதும் என்று கூறிப் பத்தொன்பது சதத்துக்கு விற்றது. அன்று வேறு வழியின்றி உண்ணப்பட்டவை, அவ்வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து வசதி பெற்ற பின்னர் விரும்பித் தேடும் உணவுகளாயின. பஞ்சத்தை எவரும் திரும்ப விரும்புவதில்லை. ஆயின் பஞ்சத்திலும் தன்னைப் பட்டினி போடாத கையை மனிதன் மறப்பதில்லை. அந்தக் கையின் நினைவே இந்த உணவின் சுவை. உப்பும் கொழுப்பும் மிக்க இத்தகைய தட்டை வைத்தியர் நாடோறும் பரிந்துரைக்கமாட்டார். ஆறுதல் வேறு, ஆரோக்கியம் வேறு என்பதை அங்கு உண்பவரும் அறிவர்.

உணவு மட்டுமே காரணமாயின், அதனை வீட்டிலும் சமைத்துக்கொள்ளலாம். டைனர் தரும் ஆறுதலின் மற்றொரு பாதி அதன் அமைப்பிலே இருக்கின்றது. பெரிய உணவுச்சாலையிலே தனியே செல்பவர் நால்வருக்குரிய மேசையில் ஒருவராக அமரவேண்டும். எதிரேயுள்ள வெற்று நாற்காலி அவருடைய தனிமையை ஊரறியப் பறைசாற்றும். டைனரின் மேடையிலே வெற்று நாற்காலி எதிரே இல்லை. எதிரே இருப்பது அடுப்பும் அதன் முன் உழைக்கும் மனிதருமே. இருமருங்கும் வேற்று மனிதர் தோளுரச அமர்ந்திருக்கின்றனர். பேச விரும்பினாற் பேசலாம். விரும்பாவிடில் கோப்பியைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். உப்புக் குப்பியை நகர்த்தித் தரும்படி பக்கத்தவரிடம் கேட்பதே சில நாட்களில் ஒருவர் பேசும் முதல் வார்த்தையாக இருத்தல் கூடும்.

நெருக்கம் உள்ள இடத்திலே விளையாட்டுப் பேச்சும் பிறக்கும். பரிமாறுவோர் சமையற்காரருக்குக் கட்டளையைக் கூவி அறிவிக்கும் வழக்கத்திலிருந்து ஒரு தனி மொழியே தோன்றிற்று. ‘தெப்பத்தின்மேல் ஆதாமும் ஏவாளும்’ என்று பரிமாறுபவர் கூவினால், வாட்டிய பாண்மீது வைத்த இரண்டு முட்டைகள் என்பது பொருள். ‘அவர்களைச் சிதைத்துவிடு’ என்று சேர்த்துக் கூறினால், அம்முட்டைகளைக் கலக்கிப் பொரிக்கவேண்டும் என்பது கருத்து. வேதாகமத்து ஆதிப் பெற்றோர் அடுப்படியில் இவ்வாறு அல்லற்பட்டதைக் கேட்டுப் பலர் சிரித்திருப்பர்.

தனித்து வருவோரை அறிந்திருந்தவர் சமையற்காரர் மட்டுமல்லர், ஓவியர்களும் அறிந்திருந்தனர். எட்வேட் ஹொப்பர் என்னும் அமெரிக்க ஓவியர் 1942 இல் தீட்டிய ‘இரவுப் பருந்துகள்’ என்னும் படம் இன்று சிக்காகோ ஓவியக் கலைக்கூடத்தில் இருக்கின்றது. இருண்ட தெருமுனையில் ஓர் உணவகம். பெரிய கண்ணாடிச் சாளரத்தின் உள்ளே கண்கூசும் ஒளி. ஓர் ஆடவனும் பெண்ணும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். இன்னொருவன் முதுகைக் காட்டியபடி தனியே இருக்கின்றான். வெள்ளுடை தரித்த பரிமாறுபவன் குனிந்து ஏதோ செய்கின்றான். எவரும் எவரையும் தேற்றுவதாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்த நகரம் முழுவதிலும் அவ்விரவு விளக்கெரியும் இடம் அதுவொன்றே போலத் தோன்றுகின்றது. அப்படத்தை உற்றுநோக்குவோர் மற்றொன்றையும் காண்பர். தெருவிலிருந்து அவ்வுணவகத்துக்குள் நுழைவதற்குக் கதவு எதுவும் படத்திலே தீட்டப்படவில்லை.

அமெரிக்க வரலாற்றிலே உண்மையாகவே கதவு அடைக்கப்பட்டிருந்தவர் பலர். மேடையின் முன்னே யாவரும் சமம் என்று டைனரைப் புகழ்வோர் மறைத்துச் செல்லக்கூடாத பகுதி இது. தென் மாநிலங்களிலே சட்டமும் வழக்கமும், வேறு பல இடங்களிலே வழக்கம் மட்டும், கறுப்பின மக்களை அந்த வட்ட ஆசனங்களில் அமரவிடாமல் தடுத்தன. காசு கொடுத்தாலும் அவர்கள் பின்வாயிலில் நின்று பொட்டலமாக வாங்கிச்செல்லவேண்டும். சில இடங்களில் அதுவுமில்லை. நெடும்பயணம் செய்யும் கறுப்பினக் குடும்பம் எவ்வூரில் உண்ணலாம், எங்கே உறங்கலாம் என்பதை அறிவிப்பதற்கென்றே, விக்டர் கிறீன் என்னும் நியூ யோர்க் தபாற்காரர் 1936 முதல் ஒரு கைந்நூலை வெளியிடவேண்டியதாயிற்று. பசித்தவனுக்கு உணவுச்சாலையைக் காண்பது போதாது. அது தன்னை உள்ளே விடுமா என்பதை முன்னரே படித்தறியவேண்டிய நிலை அது.

1960 பெப்ரவரி 1 ஆம் நாள், வட கறோலைனா மாநிலத்தின் கிறீன்ஸ்பறோ நகரிலே, நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர் வூல்வேர்த் கடைக்குள் நுழைந்தனர். அக்கடையில் எழுதுகருவி முதலிய சில்லறைப் பொருள்களை வாங்கினர். கடைக்காரர் காசைப் பெற்றுக்கொண்டார். பின்னர் அதே கடையிலுள்ள உணவு மேடையின் முன் அமர்ந்து கோப்பி கேட்டனர். அது மறுக்கப்பட்டது. அவர்கள் உரத்துப் பேசவில்லை, எழுந்து செல்லவுமில்லை. கடை மூடும்வரை அமர்ந்திருந்தனர். மறுநாள் மேலும் பலர் வந்தமர்ந்தனர். சில வாரங்களுக்குள் தென்னாட்டின் பல நகரங்களிலே மாணவர் இவ்வாறு அமரலாயினர். அமர்ந்திருந்தோர் தலையிற் சீனியும் சாறும் கொட்டப்பட்ட இடங்களும் உண்டு. அவ்வாண்டு யூலை 25 ஆம் நாள், கிறீன்ஸ்பறோவின் அந்த மேடை கறுப்பின மக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அன்று முதலிற் பரிமாறப்பெற்றவர்கள் அக்கடையிலேயே வேலைசெய்த கறுப்பின ஊழியர்கள். பிறருக்காகத் தாம் உழைத்த மேடையின் மறுபுறத்தில் அன்றுதான் அவர்கள் அமர்ந்து உண்டனர்.

இக்கொடுமை தென் மாநிலங்களோடு நின்றதன்று. 1961 இல், புதிதாகச் சுதந்திரம் பெற்ற சாட் நாட்டின் தூதுவர், நியூ யோர்க்கிலிருந்து வாஷிங்டனுக்குச் செல்லும் வழியிலே, மேரிலாந்து மாநிலத்து நெடுஞ்சாலையோர உணவுச்சாலையொன்றில் இறங்கினார். அவர் வந்தது அந்நாட்டுச் சனாதிபதியிடம் தமது நியமனப் பத்திரத்தைக் கையளிப்பதற்காக. அவருக்கும் உணவு மறுக்கப்பட்டது. ஆபிரிக்க நாடுகளின் தூதுவர் வேறு சிலருக்கும் அதே நெடுஞ்சாலையில் இதுவே நிகழ்ந்தது. ஒரு நாட்டின் கொடியைக் காரிலே ஏந்திச் சென்றவருக்கே இந்நிலை என்றால், அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத் தொழிலாளியின் நிலை சொல்லாமலே விளங்கும். 1964 யூலை 2 ஆம் நாள் சனாதிபதி லின்டன் ஜோன்சன் கையொப்பமிட்ட குடிமை உரிமைச் சட்டமே உணவுச்சாலைகளில் இன வேற்றுமை காட்டுதலை நாடெங்கும் தடைசெய்தது. கிறீன்ஸ்பறோவின் மேடையில் ஒரு பகுதியும் அதன் ஆசனங்களும் இப்பொழுது வாஷிங்டனிலுள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கோப்பைக் கோப்பிக்கான ஆசனம் ஒரு நாட்டின் மனச்சாட்சியை அளக்கும் கருவியாயிற்று.

மேடை யாவருக்கும் திறக்கப்பட்ட அதே காலத்தில், டைனர்கள் தாமே தேய்ந்துவரலாயின. 1948 இல் கலிபோர்ணியாவின் சான் பேர்ணாடினோ நகரிலே மக்டொனல்ட் சகோதரர் தம் உணவகத்தில் பண்டங்களின் தொகையைச் சுருக்கி, தொழிற்சாலை முறையில் விரைவாகச் செய்து மலிவாக விற்கும் வழியைக் கண்டனர். 1956 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் அமைந்தன; வாகனங்கள் ஊருக்குள் நுழையாமலே கடந்து சென்றன. பழைய சாலையோரத்து டைனர்கள் ஆளின்றி நின்றன. சில இடிக்கப்பட்டன, சில துருவேறின. டைனர் செய்த தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நியூ யோர்க், நியூ ஜேர்சிப் பகுதிகளிலே பல டைனர்களைக் காத்தவர்கள் கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தினர். அவர்களின் உணவுப் பட்டியல் நூல்போல நீண்டது. இக்காலத்தில் அடுப்படியில் நிற்போருள் மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர் பலர். பிறருடைய தாய்வீட்டுச் சுவையை இவ்வளவு செம்மையாகச் சமைத்துக் கொடுப்பவர், தம் தாய்வீட்டை வெகுதொலைவில் விட்டுவந்தவர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஒன்று மறையத் தொடங்கும்போதே அதன் அருமை தெரியும். 1978 இல், றோட் ஐலண்டின் போட்டக்கெற் நகரிலுள்ள ‘மொடேன் டைனர்’ வரலாற்றுச் சிறப்புடைய இடங்களின் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது. அப்பெருமையைப் பெற்ற முதல் டைனர் அதுவே. தொலைக்காட்சித் தொடர்களும் திரைப்படங்களும் 1950 களை ஒரு பொற்காலமாகக் காட்டின. 1980 கள் தொடக்கம், பழைய தோற்றத்திலே புதிய உணவகங்கள் எழலாயின. கறுப்பும் வெள்ளையுமான சதுரக் கற்கள் பதித்த தரை, சிவப்புத் தோலுறை, நாணயம் இட்டால் இசைத்தட்டைப் பாடவைக்கும் பெட்டி, சுவரிலே பழைய மோட்டார்க் கார்களின் படங்கள். அவற்றுட் சில பெருங் கம்பனிகளுக்குரியன. அங்கே பழமை என்பது சுவரில் ஒட்டும் அலங்காரம். வேறு சில, கணவனும் மனைவியுமாக நடத்தும் பத்து ஆசனக் கடைகள். தொடக்கத்திற் கண்ட கடை அவ்வகையைச் சேர்ந்தது.

இப்புதிய பழமையைப் போலி என்று இகழ்வோர் உண்டு. பளபளக்கும் உருக்குத் தகடு நேற்றுச் செய்தது என்பது உண்மை. பெட்டியிற் பாடும் பாட்டு நிகழ்ந்த காலத்திலே, அப்பாட்டைப் பாடிய கறுப்பினப் பாடகர் அத்தகைய பல கடைகளில் அமர்ந்து உண்ண இயலாதிருந்தது என்பதும் உண்மை. கடந்த காலத்தைச் சுவரிலே மாட்டுவோர் அதன் அழகிய முகத்தை மட்டும் தெரிந்தெடுத்து மாட்டுகின்றனர். இவ்வாறு நினைவு, தான் விரும்பாததைத் துடைத்துவிடுகின்றது.

எனினும் இன்னொரு வகையாகவும் இதனை நோக்கலாம். அசலைவிடப் போலி மேம்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. 1950 களின் அசல் டைனர் பலவற்றிலே வரிசையாக ஆசனங்கள் இருந்தன; ஆயின் அவை யாவருக்கும் உரியனவாக இருக்கவில்லை. அதனைப் பார்த்து நேற்றுக் கட்டப்பட்ட கடையிலே, அதே வரிசையில், அன்று கதவு அடைக்கப்பட்டவரின் பேரப்பிள்ளை அமர்ந்து ஆறுதலாகச் சூப் அருந்துகின்றான். பழைய டைனர் சொல்லிலே அளித்த வாக்கைப் புதியது செயலிலே நிறைவேற்றுகின்றது. ஆகவே பேணத்தக்கது உருக்குத் தகடோ சிவப்புத் தோலோ அன்று. தனித்து வந்தவர் எவராயினும் அவருக்கு ஓர் ஆசனம் என்னும் வழக்கமே.

அவ்வழக்கத்தைப் பேணுவது எளிதன்று. பத்து ஆசனக் கடைக்குப் பத்து ஆசனங்களே வருமானம். இறைச்சியின் விலையும் வாடகையும் ஏறுகின்றன. ஒரு கோப்பைக் கோப்பியை வாங்கி, மீண்டும் மீண்டும் நிரப்பச் செய்து, ஒரு மணி நேரம் இருப்பவரால் கடைக்கு இலாபமில்லை. கணக்குப் பார்ப்பவர் அவரை எழுப்பிவிடவே எண்ணுவர். ஆனால் அவரை எழுப்பிவிட்டால் அந்தக் கடை மற்றைக் கடைகளைப் போல ஆகிவிடும். நல்ல டைனரை நடத்துவோர் இவ்விரண்டுக்கும் இடையே நாடோறும் நடக்கவேண்டியிருக்கின்றது.

அந்த முதியவர் இப்பொழுது உண்டு முடித்துவிட்டார். மசித்த உருளைக்கிழங்கின் கடைசித் துளியையும் பாண் துண்டினால் வழித்தெடுத்தாயிற்று. மூன்றாவது முறையாகக் கோப்பை நிரம்பியிருக்கின்றது. வெளியே, ஆவி படர்ந்த கண்ணாடிக்கு அப்பால், இரவு வேலைக்குச் செல்லும் தாதி ஒருத்தி பனியில் நின்று உள்ளே பார்க்கின்றாள். பத்து ஆசனங்களும் நிறைந்திருக்கின்றன. எழும்பும்படி அவரை எவரும் கேட்கவில்லை, பரிமாறுபவளும் கேட்கமாட்டாள். அவர் கண்ணாடியின் பக்கம் திரும்பிப் பார்க்கின்றார். கோப்பியைக் குடித்து முடித்து, காசை மேடைமேல் வைத்து, மேலங்கியை அணிந்துகொள்கின்றார். வாயிலிலே இருவரும் ஒருவரையொருவர் கடக்கின்றனர். பேச்சு ஒன்றுமில்லை, சிறு தலையசைப்பு மாத்திரமே.

அவர் எழுந்த ஆசனம் இன்னும் சற்றே சுழன்றுகொண்டிருக்கின்றது. அது நிற்குமுன் தாதி அதில் அமர்ந்துவிடுகின்றாள். அவளுக்கு முன்னே, அவள் கேளாமலே, ஒரு கோப்பை வைக்கப்படுகின்றது.